மாமனார் பெயரைக் கேட்டார்கள்

அட்-பாஷி,
ஜனவரி 11, 1982

என் குட்டி நாத்தனாருக்கு அண்ணி துர்சுனாய் எழுதுவது.

இங்கே ஆடுகள் சுகம், பசு சுகம், பிள்ளைகளுக்குச் சளி விட்டது. உன் அண்ணன் அக்-சாய் மேய்ச்சலில் மந்தையோடு இருக்கிறார், வசந்தம் வரைக்கும் இறங்க மாட்டார், அவரும் சுகம் என்று லாரிக்காரர் சொன்னார். நீ அந்தப் பனிமலை உச்சியில் காற்றை அளந்துகொண்டு எப்படி இருக்கிறாய்? கால்விரல் பத்தும் இருக்கின்றனவா?

நீ கேட்பதற்கு முன் மாமாவைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். புது வருஷ விருந்தில் மூத்தவர் என்று ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள். ஒரு காதை அறுத்து நம் சின்னவனிடம் கொடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். பசிக்கவில்லை என்றார். மாமா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. மறுநாள் வற்புறுத்தி நாரின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், சுண்ணாம்பு மாதிரி எதையோ குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், கடைசியில் வாய் வழியாக வயிற்றுக்குள் ஒரு நீளக் குழாயை விட்டார்கள். குழாயைப் பார்த்ததும் மாமா என்ன சொன்னார் தெரியுமா?

"முப்பது வருஷமா லாரி டேங்குல இப்படித்தான் குழாய் விட்டு உறிஞ்சினேன். இப்ப என் டேங்குலயே விடுறாங்க. டாக்டரம்மா, பெட்ரோல் வந்தா நெருப்ப தள்ளி வையி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். உள்ளே ஒரு புண்ணாம். அதிலிருந்து சின்னத் துணுக்கு கிள்ளி எடுத்திருக்கிறார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிலது சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தத் துணுக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தருவார்களாம், அதைத் தலைநகர் ஃப்ரூன்சேயில் பெரிய பரிசோதனைக்கூடத்தில் காட்ட வேண்டும், வீட்டு ஆள் யாராவது எடுத்துப் போனால் சீக்கிரம் ஆகும் என்றார்கள். வீட்டு ஆள் என்றால் நான்தான்.

நான் ஃப்ரூன்சேயைப் பார்த்ததே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள்.
உன் அண்ணி

*

பனிமலை வானிலை நிலையம்,
ஜனவரி 28

அண்ணிக்கு,

நான் சுகம். விரல் பத்தும் உண்டு. இங்கே என்னோடு இருக்கும் கென்னாதியும் சுகம். ஹெலிகாப்டர் இன்றுதான் வந்தது, உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், இதை விமானி தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுதுகிறேன்.

டாக்டர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் அது பெரிதுதான். என்னை என்ன பச்சைக்குழந்தை என்று நினைத்தாயா? அந்த வியாதியோ என்று சந்தேகப்படுகிறார்கள், அப்படித்தானே? அதன் பெயரை நானும் எழுத மாட்டேன். ஆனால் நீ மறைக்காதே. என் அப்பா எசென்கூல் ஆட்டுத்தலையைத் தள்ளினார் என்று படித்தபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மாற்று ஆள் வருகிற வரைக்கும் நான் இறங்க முடியாது. ரேடியோவில் காற்று, பனி, அழுத்தம் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. இருந்தும் சற்றுமுன் காற்றின் வேகத்தைச் சொல்லும்போது என் குரல் ஏன் நடுங்குகிறது என்று மறுமுனைக்காரன் கேட்டான். காற்று அப்படி என்று சொல்லிவிட்டேன்.

ஃப்ரூன்சே போனால் எல்லாவற்றையும் எழுது. எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். அப்பாவுக்கு என் முத்தம். விமானி எழுந்துவிட்டான்.

மைராம்

*

அட்-பாஷி,
பிப்ரவரி 7

குட்டிக்கு,

நாங்கள் இருக்கிறோம். மாமா எழுந்து நடமாடுகிறார், கஞ்சியும் பாலும் இறங்குகிறது. அங்கே உன் உடம்பு எப்படி?

போய் வந்துவிட்டேன். இரண்டு கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கறை. ஒரு ஆளின் உயிர் அந்தக் கறையில் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? பஞ்சில் சுற்றி, சோப்புப் பெட்டியில் வைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். தோலோன் கணவாயில் பஸ் பனியில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள், நான் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, நீ மட்டும் என்ன மகாராணியா? வந்து தள்ளு."

"முடியாதுண்ணே. நெஞ்சுல கண்ணாடி இருக்குது. உடைஞ்சிரும்."

டிரைவர் முகம் மாறிவிட்டது. எனக்கு இதயத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். கைத்தாங்கலாக ஏற்றி முன் சீட்டில் உட்காரவைத்தார்கள், ஒரு ரஷ்யக்காரம்மா நாக்குக்கடியில் மாத்திரை வைத்துவிட்டார், ஒருவர் தன் தொப்பியை எனக்குப் போட்டுவிட்டார். விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை, அப்படியே ஃப்ரூன்சே வரைக்கும் நோயாளியாகப் போய்ச் சேர்ந்தேன். மாத்திரை வேறு குளுகுளுவென்று நன்றாக இருந்தது.

குட்டி, அந்த ஊரை என்ன சொல்ல? தெருவிலேயே டிராலி பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நட்டநடுக் குளிரில் ஜனங்கள் நின்றுகொண்டு ஐஸ்கிரீம் தின்கிறார்கள். நானும் தின்றேன். பெரியம்மா மகள் வீட்டில் தங்கினேன், அவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர்.

பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடியைக் கொடுத்தாயிற்று. அவர்களுக்கென்று எடுத்துப் போன தயிர்ப் புட்டி பையில் உடைந்து, நாரின் டாக்டர் கொடுத்த சீட்டெல்லாம் ஊறி ஒரே நீலமாகிவிட்டது. பரவாயில்லை, அங்கேயே பெயர், ஊர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முடிவை நாரினுக்கு அனுப்புவார்களாம், அங்கிருந்து வீட்டுக்குக் கார்டு வரும். கொஞ்ச நாள் ஆகும்.

மாமா உன்னைக் கேட்டார். மேலே பெட்ரோல் உறைந்துவிடுமா என்று எழுதிக் கேட்கச் சொன்னார்.
உன் அண்ணி

*

பனிமலை வானிலை நிலையம்,
பிப்ரவரி 20

அண்ணிக்கு,

சுகம். நீங்கள் எல்லாரும் எப்படி? அப்பா எப்படி? அப்பாவிடம் சொல், பெட்ரோல் உறையவில்லை, கென்னாதியின் மீசை உறைகிறது.

உன் நெஞ்சுக் கண்ணாடிக் கதையைக் கென்னாதிக்குச் சொல்லி இரண்டு பேரும் அடுப்படியில் உருண்டு சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்துப் படுத்த பிறகு ஒன்று உறைத்தது. பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்கிறாய். கேட்டது அவர்கள், சொன்னது யார்?

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீ அப்பா பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தாத்தா பெயரும் அப்படியே. நாத்தனார் என்று என் பெயரைக்கூடச் சொல்ல மாட்டாய். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லப் பக்கத்து வீட்டுக் கிழவியை இழுத்து வந்தவள் நீ. ஃப்ரூன்சேயில் எந்தக் கிழவி கிடைத்தாள்? இல்லை, சொல்லியே விட்டாயா? சொல்லியிருந்தால் சபாஷ், அது தப்பே இல்லை. எப்படிச் சொன்னாய் என்று எழுது. கண்ணை மூடிக்கொண்டாயா?

கார்டு வந்துவிட்டதா? இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.

மைராம்

*

அட்-பாஷி,
மார்ச் 2

குட்டிக்கு,

பிள்ளைகள் சுகம். செம்மறிகள் ஈனத் தொடங்கிவிட்டன, வெள்ளைக்காலி இரட்டைக்குட்டி போட்டாள். உன் அண்ணன் நன்றாக இருக்கிறாராம், தாடி வளர்த்திருக்கிறாராம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

கார்டு இன்னும் வரவில்லை. மாமா தினமும் தபால் ஆபீஸ் வரைக்கும் நடக்கிறார். தபால்காரி தூரத்திலேயே அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுகிறாள், இருந்தும் உள்ளே போய் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறார். இளைத்திருக்கிறார். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டார். ஆனால் சோர்ந்து உட்காருகிற ஆளா அவர்? வீட்டில் புயல் அடிக்கிறது. கூரையை மாற்றினார், அடுப்புப் புகைக்குழாயைக் கழற்றித் துடைத்தார், என் கல்யாணக் காலத்திலிருந்து கிரீச்சிடும் வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டார். பழைய லாரி எஞ்சினை முற்றத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார், கோழிகள் அதில் முட்டையிடுகின்றன.

அது போக ஊர் முழுக்கப் போய் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிறார். "ஏதாவது மனஸ்தாபம் இருந்தா விட்டுருப்பா" என்பார், அவர்கள் தேநீர் கொடுப்பார்கள், அடுத்த வீடு. என் அப்பாவிடம் மட்டும் போக மாட்டேன் என்கிறார். பந்தயத்தில் சம்பந்தியின் குதிரை குறுக்கே வந்ததால்தான் தன் குதிரை தோற்றது என்பதில் நாலு வருஷமாக இம்மியும் இறங்கவில்லை.

"அவன் ஒத்துக்கட்டும், நான் போறேன். ஒத்துக்காம நான் செத்தா அவன் குத்தம்."

"மாமா, சாவைப் பத்திப் பேசாதீங்க."

"சரிம்மா, குதிரையப் பத்திப் பேசறேன். அது குறுக்க வந்தது."

நான் அழுவதற்குள் சிரிக்கவைத்துவிடுகிறார். இவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, குட்டி. என் அப்பாவை விட இவரோடுதான் எனக்கு ஒட்டுதல் அதிகம்.

வெள்ளைக்காலியின் குட்டிகளில் ஒன்றுக்கு நெற்றியில் கறுப்புப் பொட்டு. உனக்குக் காட்ட வேண்டும். பசு இன்னும் ஈனவில்லை. வேறு விசேஷம் இல்லை.
உன் அண்ணி

*

பனிமலை வானிலை நிலையம்,
மார்ச் 11

அண்ணி,

நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம்.

வெள்ளைக்காலியைப் பற்றி எழுதினாய், கோழி முட்டையைப் பற்றி எழுதினாய், அண்ணன் தாடியைப் பற்றி எழுதினாய். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. அந்தப் பரிசோதனைக்கூடத்தில் என்ன பெயர் சொன்னாய்?

கொஞ்ச நாள் என்றார்கள், எத்தனை வாரம் ஆகிவிட்டது. மாவட்டத்துக்கு வருகிற கார்டு நம் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை? நாரினுக்குப் போய்க் கேள். பஸ் இல்லாவிட்டால் குதிரையில் போ. இங்கே நான் வானத்தைப் பார்த்து நாளைக்கு என்ன வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன், என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மைராம்

*

அட்-பாஷி,
மார்ச் 19

குட்டி,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், முதலில் அதைத் தெரிந்துகொள். உன் கோபம் தணியட்டும், அல்லது இதைப் படித்து அதிகமாகட்டும்.

இன்று மத்தியானம் வாசலில் குதிரைக் குளம்பு கேட்டது. எட்டிப் பார்த்தால் என் அப்பா. சேணத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைக் குறுக்கே போட்டுக்கொண்டு, பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைத் தொப்பியோடு வந்திருக்கிறார். மாமா எஞ்சினுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்றார்.

"சம்பந்தி, உள்ள வரலாமா?" என்றார் அப்பா.

"நாலு வருஷமா வாசல் இங்கதான் இருக்குது. யாரு பூட்டினா?"

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் தேநீர் ஊற்றினேன். அப்பா கிண்ணத்தைத் தொடவில்லை.

"அன்னிக்கிப் பந்தயத்துல, உன் குதிரைக்குக் குறுக்க விடுடான்னு என் பையன்கிட்டச் சொன்னது நாந்தான்."

மாமாவுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "யோவ். நாலு வருஷம் இல்ல இல்லன்னு குரான் மேல அடிக்காத குறையா சாதிச்சியே."

"இப்பச் சொல்றேன்ல. மனசுல எதையும் வெச்சுக்காத. எனக்கு நாள் கம்மி."

"உனக்கா? எனக்குத்தான்யா நாள் கம்மி."

"சம்பந்தி, விளையாடாத. நெசமாவே எனக்குக் கம்மி."

"எனக்கு உன்னை விடக் கம்மி. வயித்துல புண்ணு. குழாய் விட்டுப் பாத்தாச்சு."

"எனக்குக் கார்டே வந்தாச்சு."

என்று சொல்லிப் பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு கார்டை எடுத்து, பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி மாமா முன்னால் வைத்தார். நாரின் ஆஸ்பத்திரி முத்திரை. அலிம் மகன் ரிஸ்பெக், பரிசோதனை முடிவு வந்துவிட்டது, உறவினர் ஒருவருடன் உடனே வரவும். இலையுதிர் காலத்தில் எக்ஸ்ரே வண்டி அவர் ஊருக்கு வந்து எல்லார் நெஞ்சையும் படமெடுத்ததாம், அதில் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாமல் கார்டைப் பூட்ஸில் வைத்துக்கொண்டு சாவுக்கு ஆயத்தம் செய்திருக்கிறார். சேணத்தைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார், துப்பாக்கியை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார், கடைசியாகச் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்க, இரவல் சேணத்தில் வந்திருக்கிறார்.

என் கையிலிருந்து தேநீர்க் கெண்டி விழுந்துவிட்டது.

இப்போது உன் கேள்விக்குப் பதில். பரிசோதனைக்கூட ஜன்னலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எனக்குப் பின்னால் வளைந்து வளைந்து வரிசை. சீட்டைப் பார்த்து, "இதுல ஒண்ணும் தெரியல, பேரச் சொல்லு" என்றார். மாமா என்றேன். "மாமான்னு ஒரு பேரா? அப்பா அம்மா வெச்ச பேரச் சொல்லும்மா." ஊறிய சீட்டை மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். பின்னாலிருந்து முணுமுணுக்கிறார்கள். "உனக்கு அவரு என்ன உறவு, அப்பாவா?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். "அப்பா பேரு?" எனக்கு அப்பா பெயர் சொல்லத் தடை இல்லையே. ரிஸ்பெக் என்று வாய் சொல்லிவிட்டது. யார் மகன்? அலிம் மகன். ஊர்? நாக்கு ஒரு தடவை அந்த வழியில் இறங்கிய பிறகு நிற்கவில்லை, என் பிறந்த ஊரையே சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்திருக்கலாம் என்ற புத்தி எனக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் வந்தது. நாரினில் டாக்டரம்மா புரிந்துகொள்வார், எங்களைத் தெரியுமே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவர் மேற்படிப்புக்குப் போய்விட்டாராம், வேறு ஆள் வந்திருக்கிறாராம். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் கோழிமுட்டை.

இரண்டு பேர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வலித்தது, இருந்தும் சிரித்தார். என் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்ப நான் சாகலையா? சேணத்தக் குடுத்துட்டேனே."

இதற்கும் மாமா சிரித்தார். பிறகு மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அந்தக் கார்டு மாமாவுடையது. உடனே வரவும் என்று போட்டிருக்கிறது. அது எத்தனையோ நாளாக என் அப்பாவின் பூட்ஸுக்குள் இருந்திருக்கிறது.

வழியில் பனி சரிந்து ரோடு மூடிவிட்டது. திறந்த அன்றே போகிறோம், அப்பாவும் வருகிறார். இதனால் மாமாவுக்கு ஏதாவது ஆனால் நான் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?
துர்சுனாய்

*

பனிமலை வானிலை நிலையம்,
மார்ச் 26

அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இப்போதுதான் வந்தது. சிரித்தேன், இரண்டு சம்பந்திகளும் சாவுக்குப் போட்டி போட்டதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்புறம் பூட்ஸ் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உன்னைத் திட்ட ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நீ இல்லாவிட்டால் அப்பா அந்தக் குழாயையே விழுங்கியிருக்க மாட்டார், தட்டைத் தள்ளியதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

ஒன்று மட்டும். நாரினில் மறுபடி எவரேனும் கேட்டால் சொல்லிவிடு. மகள் நான் அனுமதி தருகிறேன். கத்திச் சொல்லு. எசென்கூல், எசென்கூல், எசென்கூல். பார், எவ்வளவு சுலபம்.

ஏப்ரல் நடுவில் மாற்று ஆள் வருகிறான். என்னை விட்டுவிட்டு எதுவும் நடக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்.

மைராம்

*

நாரின்,
ஏப்ரல் 2

குட்டி,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா உள்ளே படுக்கையில், என் அப்பா அவர் பக்கத்தில் நாற்காலியில். உன் கடிதம் என் சட்டைக்குள் இருக்கிறது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பண்ணை லாரியில் வந்தோம். இரண்டு கிழவர்களும் வழியெல்லாம் டிரைவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், அவன் பாவம். புது டாக்டரும் ஒரு சின்னப் பெண்தான், ஆனால் கறார். கதவைத் திறந்து "ரிஸ்பெக் யாரு?" என்றாள். பெயர் தன்னுடையது என்று என் அப்பா எழுந்தார். வயிறு தன்னுடையது என்று மாமாவும் எழுந்தார்.

"என்கிட்ட இருக்கறது ஒரு வயிறு. ஆளு ரெண்டு பேரு வந்து நிக்கிறீங்க. குழாய் விழுங்கினது யாரு?"

"நான்," என்றார் மாமா.

"பாஸ்போர்ட்டக் குடுங்க. இதுல வேற பேருல்ல இருக்குது? எத்தன நாளுக்கு முன்னாடி கார்டு அனுப்பினேன், எங்க இருந்தீங்க இவ்வளவு நாளும்?"

முடிவைச் சொல்கிறேன், கேள். அது இன்னும் அந்த வியாதி ஆகவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னும் இல்ல. ஆனா வாசல்ல வந்து நிக்குது. புண்ணோட ஓரத்துல செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு. இப்ப வெட்டி எடுத்துட்டாப் பொழச்சுக்குவாரு. இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா என்னால எதுவும் சொல்ல முடியாது." எனக்குத் தரையில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. அதே நிமிஷம் அந்தப் பூட்ஸ் நினைவுக்கு வந்தது.

பெரிய சர்ஜன் வந்தார். கண்ணாடியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், இப்படி இருந்தால் கத்தி வைக்க மாட்டேன் என்றார். மறுபடி துணுக்கு எடுத்து மறுபடி ஃப்ரூன்சேக்கு அனுப்பினால் இன்னொரு மாதம் போய்விடும். கண்ணாடியைக் கொண்டுபோனது யார் என்றார். நான் என்றேன். "அப்ப இவங்க எல்லார் முன்னாடியும் உன் வாயால சொல்லு. நீ கொண்டுபோன கண்ணாடி யாரோடது?"

"மாமாவோடது."

"பேரு."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்தில் ஏற்கெனவே ஒரு பொய் இருக்கிறது, வாயால் சொல், இரண்டு டாக்டர் சாட்சி என்றார். மாமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். என் அப்பா தரையைப் பார்த்தார். நான் கண்ணை மூடவில்லை, குட்டி. மாமாவைப் பார்த்தேன். என் வீட்டு அடுப்புக்கு விறகு பிளந்தவர், பிரசவத்துக்கு என்னைப் பனியில் லாரி ஓட்டிக் கொண்டு சேர்த்தவர்.

"ஜுனுஷ் மகன் எசென்கூலோடது," என்றேன்.

சத்தமாக வந்துவிட்டது. சர்ஜன் எழுதிக்கொண்டார். மாமா கதவைத் திறந்து வெளியே போய், வராந்தா ஜன்னலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு நான் கொடுத்த தேநீரை வாங்கவில்லை. என் அப்பா கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வரை என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

உயிர் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். இப்போது அவர் முகம் திருப்பிக்கொண்டது பொறுக்க முடியவில்லை. நான் செய்தது சரிதானா? நாளை மறுநாள் காலையில் ஆபரேஷன்.
உன் அண்ணி

*

நாரின்,
ஏப்ரல் 5

என் குட்டிக்கு,

உன் அப்பா சுகம். உன் அப்பா சுகம். இரண்டு தடவை எழுதினால் நம்புவாய். நாங்களும் சுகம், நீ பனிமலையிலிருந்து பத்திரமாக இறங்கி வா, அவசரப்பட்டுச் சறுக்காதே.

வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். பரவவே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னார். என் அப்பா அவர் கையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, தம்பியிடமிருந்து இன்னும் திரும்ப வாங்காத சேணத்தை அவருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். சர்ஜனுக்குக் குதிரை இல்லை. அதற்கும் ஏற்பாடு செய்வதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான்தான் இழுத்து வந்து உட்காரவைத்தேன்.

மாமா ஆபரேஷனுக்குப் போகும்போதும் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே தள்ளுகட்டிலில் உருண்டு போனார். கதவு மூடியதிலிருந்து திறக்கிறவரைக்கும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மயக்கம் தெளிகிறதா என்று பார்க்க, நோயாளியிடம் பெயர் கேட்பார்களாம். நர்ஸ் குனிந்து அவர் கன்னத்தைத் தட்டினாள். நான் கதவோரம் நின்றிருந்தேன், உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை.

"பெரியவரே, கேக்குதா? உங்க பேரு என்ன?"

மறுபடி தட்டினாள். "பேரச் சொல்லுங்க, பேரு."

உதடு அசைந்தது. நர்ஸ் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டாள், நிமிர்ந்து விழித்தாள். இன்னும் தெளியவில்லை, ஏதோ உளறுகிறார் என்று டாக்டரைக் கூப்பிடத் திரும்பினாள். அதற்குள் மாமாவே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், எனக்கே கேட்டது.

"எங்கம்மா போன பொறவு அந்தப் பேர என் வீட்டுல யாரும் சொல்லல. இப்ப ஒருத்தி இருக்கா. அவளக் கூப்பிடு, அவ சொல்லட்டும்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

துர்சுனாய்